பேசாத பலகைகள்: தொடர்முறைத் தொடர்பில் பிழை காணும் முறை

முன்னுரை

இருவர் தம்முள் உரையாட வேண்டுமாயின் ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டும்; பேசும் வேகம் கேட்பவருக்குப் பிடிபட வேண்டும்; குரலும் காதுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் உரையாடல் நடவாது. மனிதர்க்குரிய இந்நியதி மின்னணுக் கருவிகளுக்கும் பொருந்தும்.

இறுதியாண்டுச் செயல்திட்டம் செய்யும் மாணவர் பலர் இன்று இரண்டு பலகைகளை இணைத்துப் பயன்படுத்துகின்றனர். ஒன்று, இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில் 2005-ஆம் ஆண்டு தோன்றிய ஆர்டுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகை. மற்றொன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து 2012-ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி. முன்னது அளப்பதில் வல்லது. மாறும் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாகத் தரும் உறுப்பு அதன் சில்லுக்குள்ளேயே உண்டு. பின்னதற்கு அவ்வுறுப்பு இல்லை. ஆனால் அளந்தவற்றைச் சேமிக்கவும், வரைபடமாக்கவும், தொலைவுக்கு அனுப்பவும் அதற்கு இயலும். ஆகவே ஒன்று அளக்க மற்றொன்று எழுதிக்கொள்ளும் இக்கூட்டு இயல்பானதே.

இவ்விரண்டும் பேசிக்கொள்ளாமற் போவதும் அதே அளவுக்கு இயல்பானது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? வயரைப் பிடுங்கி மாற்றுகிறோம், நிரலையும் உடன் மாற்றுகிறோம், வேகத்தையும் மாற்றுகிறோம். தற்செயலாக ஒருநாள் ஓடத் தொடங்கினால், எது பிழை என்பதும் தெரிவதில்லை. எது மருந்து என்பதும் தெரிவதில்லை. இக்கட்டுரை, பிழையை ஒழுங்காகத் தேடும் முறையை ஆர்டுயினோ ஊனோ மூன்றாம் பதிப்பையும் ராஸ்பெரி பை 3-ஐயும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முற்படுகிறது.

தொடர்முறை என்பது யாது?

ஓர் எழுத்தைக் கணினி எட்டுப் பிட்டுகளாக வைத்திருக்கிறது. எட்டு வயர்களில் எட்டையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் அது இணைமுறை. ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் அது தொடர்முறை. அகன்ற சாலையில் எட்டுப் பேர் தோளோடு தோள் நடப்பதும், வயல் வரப்பில் ஒருவர் பின் ஒருவர் நடப்பதும் போன்ற வேறுபாடு இது.

வயர் சும்மா இருக்கும்போது அதன் மின்னழுத்தம் உயர்நிலையில் நிற்கும். அனுப்புபவர் முதலில் அதனைத் தாழ்நிலைக்கு இறக்குகிறார். இது தொடக்கப் பிட். ‘இதோ பேசப் போகிறேன்’ என்னும் அறிவிப்பு. பின் எட்டுப் பிட்டுகள், சிறிய மதிப்புள்ளது முதலாகச் செல்லும். இறுதியில் வயர் மீண்டும் உயர்நிலைக்கு வரும். இது நிறைவுப் பிட். ஆக, ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட்டுகள்.

ஒரு விநாடிக்கு எத்தனை பிட்டுகள் என்னும் வேகத்தை இங்கே ‘பாட்’ என்ற அலகால் குறிக்கிறோம். பிரெஞ்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ என்பவரின் பெயரால் அமைந்த அலகு இது. 9600 பாட் வேகத்தில் ஒரு பிட்டின் காலம் ஏறத்தாழ 104 மைக்ரோ விநாடி. விநாடிக்கு 960 எழுத்துகள் செல்லும்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. கடிகாரத் துடிப்பை எடுத்துச் செல்லத் தனி வயர் கிடையாது. தொடக்கப் பிட்டைக் கண்ட கணத்திலிருந்து கேட்பவர் தம் சொந்தக் கடிகாரத்தை நம்பியே ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். நிறைவுப் பிட்டின் நடுப்பகுதிக்கு வரும்போது ஒன்பதரைப் பிட்டுக் காலம் கடந்திருக்கும். அதற்குள் இரு கடிகாரங்களும் அரைப் பிட்டுக்கு மேல் விலகினால் எழுத்து கெடும். கணக்குப்படி இது ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். இந்த இடைவெளியை இரு பக்கமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், நடைமுறையில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு விழுக்காட்டுக்குள் இருப்பது நலம்.

முதலில் காக்க வேண்டியது

பிழை தேடுமுன் பலகையைக் காக்க வேண்டும். ஊனோ 5 வோல்ட்டில் பேசுவது. ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை. 5 வோல்ட் நேரே பாய்ந்தால் அம்முனை பழுதாகலாம். சில வேளை சில்லே பழுதாகும். நிரலில் நேர்ந்த பிழையை அழித்து எழுதலாம். வெந்த முனையைத் திருத்த இயலாது. ஒரு துறைக்கு ஒரே பலகை, அதனை நான்கு குழுக்கள் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன என்னும் இடத்தில் இது ஒரு மாணவரின் இழப்பாக மட்டும் நில்லாது.

ஊனோ அனுப்பும் முனைக்கும் ராஸ்பெரி பை கேட்கும் முனைக்கும் இடையே, 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ஆகிய இரு மின்தடைகளைக் கொண்டு மின்னழுத்தப் பகுப்பான் அமைக்கலாம். 1 கிலோ ஓம் வயரின் வழியிலும், 2 கிலோ ஓம் தரைக்கும் அமைய வேண்டும். 5 வோல்ட்டில் மூன்றில் இரு பங்கு, அதாவது 3.33 வோல்ட், கணினிக்குச் சேரும். முதலாண்டு ஆய்வகத்தில் நாம் செய்த பகுப்பான் சோதனைதான் இது.

எதிர்த் திசையில், ஊனோவின் சில்லு 3.0 வோல்ட்டுக்கு மேற்பட்டதை உயர்நிலையாக ஏற்கும். ராஸ்பெரி பை 3.3 வோல்ட் தருவதால் இயங்கிவிடும்; ஆனால் மிச்சம் 0.3 வோல்ட்தான். மேலும், ஊனோவின் கேட்கும் முனையில் அப்பலகையின் யுஎஸ்பி சில்லும் 1 கிலோ ஓம் மின்தடை வழியாக இணைந்து 5 வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆதலால் இரு திசைக்கும் மட்டமாற்றி என்னும் சிறு பலகையைப் பயன்படுத்துவதே சிறந்தது.

பழைய ஆய்வகக் கருவிகளிலுள்ள ஒன்பது முனைப் போர்ட்டை இப்பலகைகளுடன் நேரே இணைத்தல் ஆகாது. அது 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 முறையைச் சார்ந்தது. அதில் நேர், எதிர் என இரு வகை மின்னழுத்தமும் உண்டு. உயர்வும் தாழ்வும் தலைகீழ். அதற்கென்று தனி மாற்றிச் சில்லு தேவை.

நோயின் மூன்று வடிவங்கள்

‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கை வகுத்துள்ளார்: முதலில் நோய் இன்னதென அறிதல், பின் அதன் காரணத்தை அறிதல், பின் தீர்க்கும் வழியை அறிதல், இறுதியிலேயே செயல். நம் மேசைக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். தொடர்முறைத் தொடர்பில் நோய் மூன்று வடிவங்களில் தோன்றும். ஒன்றும் வாராமை மௌனம். புரியாத குறிகள் வருதல் உளறல். சரியானது போன்ற தவறு வருதல் பொய். எது நம்முன் நிற்கிறது என்பதை முதலில் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1. மௌனம்

மௌனத்திற்குரிய முதற்காரணம் வயர் மாற்றம். ஒருவர் வாய் மற்றவர் காதுடன் இணைய வேண்டும். ஊனோவில் 1-ஆம் முனை அனுப்புவது, 0-ஆம் முனை கேட்பது. ராஸ்பெரி பையின் நாற்பது முனை வரிசையில் 8-ஆவது அனுப்புவது, 10-ஆவது கேட்பது. எனவே ஊனோவின் 1, பையின் 10-க்குச் செல்ல வேண்டும். பையின் 8, ஊனோவின் 0-க்குச் செல்ல வேண்டும். பெயர் ஒத்த முனைகளை இணைத்தால் வாயும் வாயும், காதும் காதும் எதிரெதிரே நிற்கும்.

இரண்டாவது, பொதுத் தரை. இரு பலகைகளும் தனித்தனி மின்வழங்கியில் ஓடும்போது தரை முனைகளை ஒரு வயரால் இணைக்க மறந்துவிடுகிறோம். மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாடு. தரை பொதுவாக இல்லையெனில் ஒருவரது 5 வோல்ட்டுக்கு மற்றவரிடம் பொருளில்லை. ராஸ்பெரி பையின் 6-ஆவது முனை இதற்கு உதவும்.

மூன்றாவது, கணினியின் உள் அமைப்பு. ராஸ்பெரி பையில் இத்தொடர்முறைப் போர்ட் வெளியாள் உள்நுழையும் வாயிலாகவும் பயன்படக்கூடியது. அவ்வாறு விடப்பட்டிருந்தால், ஊனோ அனுப்பும் அளவீட்டைக் கணினி ஒரு பயனரின் பெயரெனக் கருதிக் கடவுச்சொல் கேட்கும்! ராஸ்பி-கான்ஃபிக் என்னும் அமைப்பு நிரலில் இரு கேள்விகள் வரும். தொடர்முறை வழி உள்நுழைவு வேண்டுமா என்பதற்கு ‘வேண்டாம்’ என்றும், போர்ட் இயங்க வேண்டுமா என்பதற்கு ‘ஆம்’ என்றும் விடையளித்துக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். போர்ட்டைத் திறக்க அனுமதி மறுக்கப்பட்டால், பயனரை ‘டயல்அவுட்’ என்னும் குழுவில் சேர்க்க வேண்டும்.

யுஎஸ்பி வயர் வழியாக இணைத்தவருக்கு மின்னழுத்தத் தொல்லை இல்லை. ஆயினும் வேறு இரண்டு உண்டு. கைப்பேசிக்கு மின்னேற்றும் வயர்கள் சிலவற்றில் தகவல் செல்லும் இழைகளே கிடையா. பலகையில் விளக்கு எரியும்; பேச்சு வராது. அடுத்து, கணினி போர்ட்டைத் திறந்தவுடன் ஊனோ தன்னைத்தானே மீளத் தொடங்கிக்கொள்கிறது. அந்த ஓரிரு விநாடிகளில் அனுப்பிய கட்டளை காற்றோடு போகும். இரண்டு விநாடி பொறுத்து அனுப்பலாம். அதனினும் நன்று, ஊனோ ‘ஆயத்தம்’ என்று ஒரு சொல் அனுப்பும்வரை காத்திருப்பது.

ஊனோவில் நிரல் ஏற்றும்போது 0, 1 முனைகளிலுள்ள வயர்களைக் கழற்றிவிட வேண்டும். யுஎஸ்பி சில்லும் அதே முனைகளையே பயன்படுத்துவதால், இருவர் ஒரே நேரத்தில் பேசியது போலாகி நிரல் ஏறாது.

பாதியாகப் பகுத்தல்

இத்தனை காரணங்களையும் ஒவ்வொன்றாகத் தேடினால் மாலை ஆகிவிடும். சிக்கலைப் பாதியாக வெட்டுவதே சுருக்க வழி. ஊனோவை முற்றிலும் கழற்றிவிட்டு, ராஸ்பெரி பையின் 8, 10 முனைகளை ஒரு ஜம்பர் வயரால் இணையுங்கள். மினிகாம் போன்ற நிரலைத் திறந்து தட்டச்சு செய்யுங்கள். அடித்த எழுத்து திரும்பி வந்தால், போர்ட்டின் பெயர், அனுமதி, அமைப்பு, முனைகள் ஆகிய அனைத்தும் சரியென ஒரே சோதனையில் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டன. இனி அப்பக்கம் தேட வேண்டுவதில்லை.

ஊனோவுக்கும் இவ்வாறே செய்யலாம். ரீசெட் முனையைத் தரையுடன் இணைத்துச் சில்லை உறங்கவைத்து, 0, 1 முனைகளை இணைத்துவிட்டு, தொடர்முறைத் திரையில் எழுத்துகளை அனுப்பினால் அவை திரும்பி வர வேண்டும். வந்தால் யுஎஸ்பி வயரும் சில்லும் நலம்.

இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. தன் குரலைத் தானே கேட்பவருக்கு வேகப் பிழை தெரியாது. அனுப்புவதும் கேட்பதும் ஒரே கடிகாரம் அல்லவா? வேகத்தைத் தவிர மற்றவற்றையே இது மெய்ப்பிக்கும்.

2. உளறல்

திரையில் வினாக்குறிகளும் கட்டங்களும் தோன்றினால் சோர்வடைய வேண்டா. வயர் இணைந்துள்ளது என்பதற்கு அதுவே சான்று. ஒரே எழுத்தை விநாடிக்கு ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தவறான குறி வந்தால் வேகம் ஒத்துப்போகவில்லை என்று கருதலாம். முறைக்கு முறை வேறு வேறு குறி வந்தால் தரை இணைப்பு, தளர்ந்த வயர், மின்னழுத்த மட்டம் ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

வேகத்தை இரு நிரல்களிலும் 9600 என்று எழுதிவிட்டால் போதுமா எனில், பெரும்பாலும் போதும். ஊனோவின் கடிகாரம் 16 மெகா ஹெர்ட்ஸ். அதனை முழு எண்ணால் வகுத்தே வேகம் பெறப்படுகிறது. 9600 கேட்டால் 9615 கிடைக்கும், பிழை 0.16 விழுக்காடு. 19200, 38400 ஆகியவற்றுக்கும் அதே விழுக்காடுதான். 115200 கேட்டாலோ 117647 கிடைக்கும்; பிழை 2.1 விழுக்காடு. யுஎஸ்பி வழியில் இது வெளிப்படுவதில்லை. ஏனெனில் அங்குள்ள சில்லும் 16 மெகா ஹெர்ட்ஸில் ஓடி அதே பிழையைச் செய்கிறது. இருவரும் ஒரே அளவு முந்துவதால் ஒத்துப்போகிறார்கள். எனவே யுஎஸ்பியில் ஓடியது நேர் வயரிலும் ஓடும் என்று கொள்ளலாகாது.

ராஸ்பெரி பை 3-இல் மற்றொரு நுட்பம் உண்டு. அதிலுள்ள இரு தொடர்முறை உறுப்புகளில் சிறந்ததனை புளூடூத் எடுத்துக்கொள்கிறது. முனைகளுக்கு வருவது ‘மினி யுஆர்ட்’ என்னும் எளிய உறுப்பு. அதன் வேகம் சில்லின் மையக் கடிகாரத்தைச் சார்ந்தது. அக்கடிகாரம் வேலைப்பளுவுக்கேற்ப மாறினால் பேச்சும் குழறும். தொடக்க அமைப்புக் கோப்பில் ‘எனேபிள் யுஆர்ட்’ என்பதற்கு 1 என மதிப்பிட்டால் அக்கடிகாரம் நிலைநிறுத்தப்படும். மாதிரிக்கு மாதிரி இவ்வமைப்பு வேறுபடுமாதலின், கையிலுள்ள பலகையின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

‘யு’ என்னும் மருந்து

ஆங்கிலப் பெரிய எழுத்து ‘யு’வின் எண் 85. இரும எண்ணில் எழுதினால் ஒன்றும் சுழியமும் மாறி மாறி வரும். தொடக்க, நிறைவுப் பிட்டுகளையும் சேர்த்தால் பத்துப் பிட்டுகளும் ஒழுங்கான சதுர அலையாகிவிடும். 9600 பாட் வேகத்தில் இவ்வெழுத்தை இடைவிடாமல் அனுப்பினால் அலைகாட்டியில் 4800 ஹெர்ட்ஸ் சதுர அலை தெரியும். வேகப் பிழையை அதில் நேரே அளந்துவிடலாம்.

அலைகாட்டி கிடைக்காத நாளில் மல்டிமீட்டரே போதும். அனுப்பும் முனை சும்மா இருக்கையில் ஊனோவில் 5 வோல்ட்டும், ராஸ்பெரி பையில் 3.3 வோல்ட்டும் காட்ட வேண்டும். ‘யு’வை இடைவிடாது அனுப்பும்போது பாதி நேரம் உயர்வு, பாதி நேரம் தாழ்வு ஆதலால் மீட்டர் அதில் பாதியை, முறையே ஏறத்தாழ 2.5 வோல்ட்டையும் 1.65 வோல்ட்டையும் காட்டும். முள் அசையவே இல்லையெனில் நிரல் அனுப்பவில்லை, அல்லது நாம் தொட்டது வேறு முனை.

3. பொய்

மௌனமும் உளறலும் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். மூன்றாவது அப்படிப்பட்டதன்று.

தோட்டத்து மண்ணின் ஈரத்தை ஊனோ அளந்து எண்ணாக அனுப்புகிறது. ராஸ்பெரி பை அதனைப் பார்த்துப் பம்பு செட்டை ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 612 என்பது போதிய ஈரம். முதல் இலக்கம் மட்டும் தவறினால் கணினிக்குச் சேர்வது 12. அதுவும் ஓர் எண்ணே, உளறல் இல்லை, நிரல் நிற்காது. மண் காய்ந்துவிட்டதெனக் கருதி நள்ளிரவில் மோட்டார் ஓடத் தொடங்கும். கிணறு வற்றிய பின்னும் ஓடினால் மோட்டார் சேதமாகும். திரையில் மட்டும் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும்.

இலக்கம் தவறுவது எப்படி? ஊனோ பேசிக்கொண்டிருக்கும்போது கணினி நடுவில் கேட்கத் தொடங்கினால் முதல் வரி அரைகுறையாகவே சேரும். அவ்வரியை எப்போதும் தள்ளிவிட வேண்டும். ஒரே போர்ட்டை இரு நிரல்கள் திறந்து வைத்திருந்தால் எழுத்துகள் இருவருக்கும் பங்காகிவிடும். ஊனோ கேட்கும் பக்கத்தில், வந்த எழுத்துகள் காத்திருக்கும் இடைத்தாங்கலில் 63 எழுத்துகளுக்கே இடமுண்டு. 9600 பாட் வேகத்தில் அது ஏறத்தாழ 66 மில்லி விநாடியில் நிறையும். நிரலில் ஒரு விநாடி ‘காத்திரு’ என்று எழுதியிருந்தால் மிகுந்து வருபவை அறிவிப்பின்றி இழக்கப்படும்.

வரி முடிவும் ஏமாற்றும். ஊனோ ஒவ்வொரு வரியின் இறுதியிலும் 13, 10 என்னும் இரு கண்காணாக் குறிகளைச் சேர்க்கிறது. அவற்றை நீக்காமல் ஒப்பிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு சொற்கள் கணினிக்கு வேறாகவே இருக்கும்.

இதற்கு மருந்து, வந்ததை நம்பாமல் சரிபார்த்தல். எண்ணுடன் ஒரு சரிபார்ப்புத் தொகையையும் அனுப்பலாம். 6, 1, 2 ஆகிய குறிகளின் எண்கள் முறையே 54, 49, 50, கூட்டுத்தொகை 153. வரி நீண்டு தொகை 255-ஐ மீறினால் 256-ஆல் வகுத்து மீதியைக் கொள்ளலாம். ‘612,153’ என்று அனுப்பினால், கணினி தானும் கூட்டிப் பார்க்கும். முதல் இலக்கம் தவறி 12 மட்டும் வந்தால் கூட்டுத்தொகை 99, 153 உடன் பொருந்தாது, வரி தள்ளப்படும். வரிசை எண்ணையும் சேர்த்துக் கூட்டினால் ஒரு வரி முழுதும் காணாமற் போனதும் தெரியவரும். கடைக்காரர் கொடுத்த சில்லறையை அவர் கண் முன்னே எண்ணிப் பார்ப்பது போன்ற எளிய வழக்கமே இது. இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் அரிய நேரத்தில் இதுவும் ஏமாறலாம். ஆயினும் சோதனையே இல்லாமையினும் இது பன்மடங்கு மேல்.

முடிவுரை

சொன்னவற்றைச் சுருக்கிக் கூறின்: முதலில் மின்னழுத்தத்தை அளந்து பலகையைக் காக்க. நோயின் வடிவத்தை எழுதிக்கொள்க. சிக்கலைப் பாதியாக வெட்டி, நலமான பாதியை ஒதுக்குக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதையும் விளைந்ததையும் குறிப்பேட்டில் பதிக. பேச்சு வரத் தொடங்கியதும் வேலை முடிந்ததெனக் கருதாது, வந்தது மெய்தானா என்று சோதிக்க.

இவற்றுள் கடைசியே மாணவர் பெரும்பாலும் விட்டுவிடுவது. திரையில் எண்கள் ஓடத் தொடங்கியதும் மகிழ்ந்து, அவற்றை அட்டவணையாக்கி, வரைபடம் வரைந்து, முடிவும் எழுதிவிடுகிறோம். சரிபாராத எண்ணிலிருந்து வரைந்த வரைபடம் எவ்வளவு அழகாயிருப்பினும் அது அளவீடு ஆகாது. செயல்திட்ட அறிக்கையில் ‘முடிவு’ என்ற தலைப்பை எழுதுமுன், ஊனோவின் வயரை ஒருமுறை வேண்டுமென்றே பிடுங்கிப் பாருங்கள். பழைய எண்ணையே காட்டிக்கொண்டிராமல் ‘தொடர்பு இல்லை’ என்று உங்கள் நிரல் சொல்லுமாயின், அது தரும் மற்ற எண்களை நம்புவதற்கு உங்களுக்குக் காரணம் உண்டு.